ரிவர்ஸ் கியரில் என் பாட்டு

நான் போட்ட பாட்டு ஒன்றை முதன்முதலாக முழுதும் கேட்ட மனித ஜீவன் என் மனைவி. மூன்று நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுல பாட்டு எங்கன இருக்கு?" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். தப்பென்றால் உடனே சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை. நான் போடுவது சிப்ட்யூன். பழைய வீடியோ கேம் கருவிகளுக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். பொம்மை ஆள் குதித்தால் 'டொய்ங்', எதையாவது பொறுக்கினால் 'டிளிங்', செத்து விழுந்தால் 'டிடிடிடூ'. அந்தச் சிப்புக்கு அதற்குமேல் படிப்பு கிடையாது. ஒரே நேரத்தில் நாலு சத்தம் போடும், அதிலும் ஒன்று வெறும் இரைச்சல். அந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டைக் கட்டி எழுப்புவதுதான் எங்கள் வேலை. வயலின் கிடையாது, தபேலா கிடையாது, பாடுகிற ஆளும் கிடையாது. இது பாட்டா, கருவி ரிப்பேரா என்று கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வராது என்று சொல்ல ஆசைதான். வரும்.

எனக்குச் சங்கரன்கோவிலில் எலெக்ட்ரிகல் கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். ஹோல்டர், ஸ்விட்ச், காலிங் பெல், ஆடித்தபசு சமயத்தில் சீரியல் செட். காலையில் பதினொரு மணிக்கு மேல் ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று வரும். அப்போது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையடக்க கேம் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அதன் குட்டித் திரையில் எண்களும் எழுத்துகளும் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு எண்ணும் ஒரு சத்தம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஒரு மாதம் ஆகும். யாராவது வந்து, "என்ன அண்ணாச்சி, கேம் வெளையாடுதியளோ?" என்று கேட்டால், "ஆன்லைன் கிளாஸ்" என்று சொல்லிவிடுவேன். நாற்பத்தொரு வயதில் என்ன கிளாஸ் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

ஊரில் எனக்கு ஜோடி கிடையாது. போனில் இருந்தார்கள். ஒரு குரூப், பதினேழு பேர். சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், இரண்டு பேர் எந்த ஊர் என்றே தெரியாது. எல்லாரும் சிப்ட்யூன் போடுகிறவர்கள் என்று பெயர். உண்மையில் பாட்டுப் போடுகிற நேரத்தைவிட, எது சிப்ட்யூன், எது சிப்ட்யூன் இல்லை என்று மல்லுக்கட்டுகிற நேரம்தான் அங்கே அதிகம். நிஜமான பழைய சிப்பிலிருந்து வந்தால்தான் சிப்ட்யூன் என்று ஒரு கட்சி. கம்ப்யூட்டரில் அதே மாதிரி சத்தம் வரவழைத்தாலும் தப்பில்லை என்று இன்னொரு கட்சி. ஓசூர்க்காரர் ஒருவர் மட்டும், "சிப்ட்யூன்னு ஒரு இசை வகையே கிடையாது, அது வெறும் வாத்தியம். தவில்னு ஒரு இசை வகை இருக்கா?" என்று மாதத்துக்கு ஒருமுறை கொளுத்திப் போட்டுவிட்டுப் போவார். மூன்று நாள் எரியும். நான் சுத்தக் கட்சி. பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சம்பழம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது நான் ஏன் எசன்ஸ் ஊற்றின சர்பத் குடிக்க வேண்டும் என்பது என் வாதம். அதை எழுதிய அன்று ஐந்து பேர் கைதட்டினார்கள். அன்றைக்கு நான் மதியச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டேன்.

எல்லாக் கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், நாங்கள் அண்டர்கிரவுண்ட் என்பது. குரூப்பை நடத்திய கோயம்புத்தூர் அட்மின் அதில் கண்டிப்பானவர். "கல்யாண மண்டபத்துல போடுற அளவுக்கு வந்துட்டா, அந்தப் பாட்டுக்குப் பால் ஊத்திறலாம்" என்பார். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடையில் சொன்ன பொய்யெல்லாம்கூட அதைப் படித்தபிறகு ஒரு கொள்கையாகிவிட்டது. நான் ஒளிந்திருக்கவில்லை, அண்டர்கிரவுண்டில் இருக்கிறேன்.

இந்த அட்மின்தான் போன வருடம் கேசட் போடலாம் என்றார். நிஜமான கேசட், டேப் ரெக்கார்டரில் போடுகிற கேசட். இந்தக் காலத்தில் யாரிடம் டேப் ரெக்கார்டர் இருக்கிறது என்று கேட்காதீர்கள். யாரிடமும் இல்லை என்பதுதான் அதில் அழகு. எல்லாரும் ஆளுக்கொரு பாட்டு அனுப்ப வேண்டும், அதில் எட்டு தேர்ந்தெடுப்பார். நான் என் பாட்டுகளிலேயே ஆகச் சிறந்ததை அனுப்பினேன். பத்து நாள் கழித்து மெசேஜ் வந்தது. தேர்ந்தெடுத்த எட்டையும் எல்லாரும் கேட்கக் குரூப்பில் போட்டிருந்தார், என் பாட்டு 'பி' பக்கத்தில் முதலாவது. கூடவே, "நீங்க ஒரு நல்ல மியூசிஷியன்" என்று ஒரு வரி.

அந்த வார்த்தையை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அந்த மெசேஜை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் மானம் போய்விடும். என் பாட்டு ஒரு பொருளில் ஏறப்போகிறது. கையில் எடுக்கலாம், தடவிப் பார்க்கலாம், அலமாரியில் வைக்கலாம். வெளிப்படையாகவே சொல்கிறேன், கல்யாணம் நிச்சயமானபோதுகூட எனக்கு இப்படி ஆசை பொங்கவில்லை. என் மனைவி கதை, கட்டுரை எல்லாம் படிக்கிறவள் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே வேறொரு பிழைப்பு இருந்தது. அதைக் குரூப்பில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

என் கூட்டாளி ஒருவன் புளியங்குடி ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரிக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். வண்டிகளுக்கு லைட், ஹார்ன், ஒயரிங் எல்லாம் பார்ப்பான். ரிவர்ஸ் கியர் போட்டால் பாடுமே, அந்த ஹார்னை மாட்டுவதில் அவனிடம்தான் கூட்டம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பியூஸ் வாங்க என் கடைக்கு வந்தவன் புலம்பித் தீர்த்தான்.

"கம்பெனிக்காரன் அனுப்புத ஹார்ன்ல நாலே பாட்டுதாம்லே. ஊர்ல எவன் வண்டி பின்னால வந்தாலும் எவனுக்கோ பொறந்தநாளு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிட்டு."

சொல்லிக்கொண்டே என் தலையிலிருந்து ஹெட்போனை உருவித் தன் காதில் வைத்தான். முதலில் புருவம் மட்டும் ஏறியது. பிறகு காலால் தாளம் போட ஆரம்பித்தான். இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

"ஏலே! இது வண்டி பின்னால வாரதுக்குன்னே போட்ட மாதிரிலா இருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ததை இந்தப் பயல் லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் மாட்டப் பார்க்கிறான். முடியாது என்று சொன்னேன். அவன் தினமும் வந்தான். டீ வாங்கிக்கொடுத்தான். அதைவிட, ஒரு சவால் என் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. ஹார்னில் இருக்கிற சிப் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சத்தம்தான் போடும். என் பாட்டிலோ நாலு. நாலை ஒன்றில் எப்படித் திணிப்பது? மூன்று சுரங்களை மாற்றி மாற்றிப் படுவேகமாக அடித்தால் காது ஏமாந்து, மூன்றும் சேர்ந்து ஒலிப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த வித்தையை வைத்து ஒரு வாரத்தில் முடித்தேன். சிப்பில் அவ்வளவாக இடமும் இல்லை, பாட்டைக் கொஞ்சம் நறுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் முடித்தபோது எனக்கே கொஞ்சம் திமிர் ஏறியது என்பது நிஜம்.

பிறகு நடந்தது என் கையில் இல்லை. முதலில் இரண்டு எலுமிச்சம்பழ வண்டி. அப்புறம் பூ வண்டி. அப்புறம் குருவிகுளத்திலிருந்து பருத்தி ஏற்றி வருகிறவர்கள், வாசுதேவநல்லூர் டிராக்டர்காரர்கள். ஆறு மாதத்தில் இந்தப் பக்கம் பின்னால் வருகிற வண்டியெல்லாம் என் பாட்டைத்தான் பாடியது. பத்து மணிக்கு மார்க்கெட் வாசலில் நாலு வண்டி ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்தால், ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று நாலு மூலையிலிருந்தும் அதே பாட்டு கிளம்பி முட்டிமோதும். ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் கடை வாசலில் ஏதோ துடைக்கிற மாதிரி நின்று கேட்பேன்.

என் கூட்டாளிக்கு 'மியூசிக் அண்ணாச்சி' என்று பட்டம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் 'மியூசிக் ரிவர்ஸ் ஹார்ன், சொந்தத் தயாரிப்பு' என்று போர்டும் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் போர்டைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டுவேன்.

இந்த நிலைமையில் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. எங்கள் குரூப்பின் சென்னைக்காரர் ஒருவர் மாமனார் குடும்பத்தோடு குளிக்க வந்திருக்கிறார். வந்தவர் குளித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ரோட்டோரம் நின்றவர் காதில், ஒரு வேன் பின்னால் வருகிற சத்தம் விழுந்திருக்கிறது. அப்படியே போனை எடுத்து வீடியோ பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: "கேசட்ல பி பக்கம் முதல் பாட்டு, ரோட்டுல ரிவர்ஸ் எடுக்குது. நம்ம சங்கரன்கோவில் மேதை எங்க இருந்து சுட்டார்னு இப்போ தெரிஞ்சுதா?"

ரிவர்ஸ் ஹார்ன் பாட்டெல்லாம் எங்கேயோ தொழிற்சாலையில் போட்டு வருவது என்றுதான் உலகம் முழுவதும் நினைக்கிறது. அப்படியிருக்க, நான் வண்டியிலிருந்து திருடி நாலு சத்தமாக ஊதிப் பெருக்கிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நேற்றுவரை கைதட்டிய ஐந்து பேரில் மூன்று பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஓசூர்க்காரர், "தவிலுக்கு ரிவர்ஸ் கியர் உண்டா?" என்று எழுதினார். அட்மின் மட்டும் நிதானமாகக் கேட்டார்: பாட்டின் ஒரிஜினல் ஃபைலை உங்கள் கருவியில் திறந்து, எண்கள் ஓடுவதை வீடியோ எடுத்துப் போடுங்கள், இரண்டு நாள் தருகிறேன், இல்லாவிட்டால் கேசட்டிலிருந்து பாட்டை எடுத்துவிடுவோம்.

நியாயமான கேள்விதான். ஃபைல் என்னிடம் இருந்தது. கேம் கருவியில் சொருகுகிற கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தது. அதற்குள் ஒரு பட்டன் செல் உண்டு. அது உயிரோடு இருக்கும்வரை போட்டுவைத்ததெல்லாம் பத்திரமாக இருக்கும். மறுநாள் காலையில் கடையைத் திறந்து, ஊதுவத்தி ஏற்றி, கருவியைத் துடைத்து வைத்தேன். அப்போது எனக்கு ஒரு முன்யோசனை வந்தது. செல் பழசாயிற்றே, வீடியோ எடுக்கிற நேரத்தில் மண்டையைப் போட்டுவிட்டால் அசிங்கமாகிவிடுமே, முதலில் புதுச் செல்லை மாற்றிவிடுவோம்.

கடையில் பட்டன் செல் அட்டை அட்டையாகத் தொங்குகிறது. ஒன்றைக் கிழித்தேன். கார்ட்ரிட்ஜைத் திறந்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, பழைய செல்லை அலுங்காமல் குலுங்காமல் எடுத்தேன். செல் கைக்கு வந்த பிறகுதான் மண்டைக்குள் மணி அடித்தது.

பதினெட்டு வருடமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்து, மேசைக் கடிகாரம் கொண்டுவருகிற ஒவ்வொருத்தரிடமும், "செல்ல எடுத்தா டைம், அலாரம் எல்லாம் அழிஞ்சிரும், பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்புகிறவன் நான். ஆறு வருடப் பாட்டு. அந்த ஒரு பாட்டு மட்டுமில்லை, எல்லாமே. புதுச் செல்லைப் போட்டு மாட்டிப் பார்த்தேன். திரை புது நோட்டுப் புத்தகம் மாதிரி வெள்ளையாக இருந்தது. அழுதேனா என்றால், ஆமாம், அழுதேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் டூ பின் பிளக் கேட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஷாக் அடிச்சிட்டா?" என்றார். "ஆமா" என்றேன்.

கூட்டாளியின் ஹார்னுக்குப் பாட்டைக் கொடுத்ததிலிருந்து செல்லைக் கழற்றியதுவரை நடந்ததை நடந்தபடியே குரூப்பில் எழுதினேன். பரீட்சை அன்று தாத்தா செத்துப்போகிற பையனை வாத்தியார் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்கள். கேசட்டுக்கு அனுப்பிய அந்த ஒரு பாட்டின் முழுப் பதிவு மட்டும் போனில் இருந்தது, அதை மறுபடியும் போட்டேன். ஹார்னைக் கேட்டுவிட்டு யாரும் அதே மாதிரி செய்யலாமே என்றார்கள். கடைசியாக அட்மினே ஒரு வழி சொன்னார். அந்த ஹார்னை முதலில் செய்த மனிதர் யாரோ, அவர் தன் வாயால் இது உங்கள் பாட்டுதான் என்று சொல்லி அனுப்பட்டும்.

ஆக, என் கேசட் இப்போது மியூசிக் அண்ணாச்சியின் வாயில் இருந்தது.

மதியம் போனேன். ஒர்க்‌ஷாப்பில் மூன்று டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இவன் ஒரு வேனுக்கு அடியில் கிடந்தான். காலைத் தட்டி எழுப்பி, ஓரமாக அழைத்துப்போய், காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட், குற்றாலம், செல், எல்லாம்.

"அவ்வளவுதானா? இதுக்காலே மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றவன் பெஞ்சுப் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சிமாரே, ஒரு நிமிசம் இங்கன பாருங்க. இந்த ஹார்ன் பாட்டு இருக்குல்லா..."

நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். "வேண்டாம்லே, இவங்க முன்னால வேண்டாம். உள்ள வா. வாய்ஸ் மட்டும் பேசிக் குடு, போதும்."

அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். பிறகு உள்ளே வந்து, என் போனை வாங்கி, பட்டனை அமுக்கிப் பேச ஆரம்பித்தான்.

"வணக்கம். நான் சங்கரன்கோவில்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். அந்த ரிவர்ஸ் ஹார்ன் பாட்டு எங்கூட்டாளி போட்டது. நான் ஒயரு சேக்குதவன், எனக்கு சரிகமல்லாம் தெரியாது. ஊர்ல எல்லாரும் நீயா போட்டன்னு கேக்காங்க. நான் ஆமான்னும் சொன்னதில்ல, இல்லன்னும் சொன்னதில்ல. ஏன்னா சிப்பக் கையில குடுத்த அன்னைக்கே இவன் எங்கிட்ட சொன்னான், எம்பேரச் சொல்லிராதல, ஊருல சிரிப்பான்னு. அவனே வெக்கப்படுத பாட்டுக்கு நான் எப்படி அவம்பேரச் சொல்ல? ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒரு ஹார்ன் மாட்டுனா அஞ்சு செகண்டு போட்டுப் பாத்தாப் போதும், ஒயரு சரியா இருக்கான்னு தெரிஞ்சிரும். நான் ஒவ்வொரு தடவயும் முழுசாப் போட்டுக் கேப்பேன். இன்னமும் கேக்கேன். அவ்வளவுதான்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, "சோலி கெடக்கு" என்று மறுபடியும் வேனுக்கு அடியில் போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மை. அப்படிச் சொன்னதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். மூன்று வருடம் அவனைத் திருடன் மாதிரி நினைத்து வயிறெரிந்திருக்கிறேன். அவனோ சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். அண்டர்கிரவுண்டாம் அண்டர்கிரவுண்டு. ஊர் சிரிக்கும் என்கிற பயத்துக்கு நான் வைத்த இங்கிலீஷ் பெயர் அது. எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. அவன் காலுக்குப் பக்கத்தில் குந்தி, "மன்னிச்சிருலே" என்றேன். "பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

வாய்ஸை அப்படியே குரூப்பில் போட்டேன். குற்றாலத்தில் வீடியோ பிடித்த சென்னைக்காரர் மன்னிப்புக் கேட்டார். கைதட்டினவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அட்மினின் மெசேஜ் வந்தது. நீளமான மெசேஜ். பாட்டு உங்களுடையதுதான், எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஜில்லா முழுக்க வண்டிகளில் ஓடுகிற பாட்டை அண்டர்கிரவுண்ட் கேசட்டில் போடுவது அந்தக் கேசட்டின் அடையாளத்துக்கே முரண். வருத்தமாக இருக்கிறது. இதுவரை யாரும் கேட்காத வேறு பாட்டு ஒன்று அனுப்புங்கள்.

வேறு பாட்டெல்லாம் பழைய செல்லோடு போய்ச் சேர்ந்துவிட்டதே!

வந்ததே கோபம். திருடினாய் என்று தூக்கப் பார்த்தீர்கள், திருடவில்லை என்று காட்டினால் ஜனங்கள் கேட்டுவிட்டார்கள் என்று தூக்குகிறீர்கள், அப்படியானால் உங்களுக்குப் பாட்டு வேண்டுமா, யாரும் கேட்காமல் இருப்பது வேண்டுமா என்று எழுதினேன். கடைசியில் 'சவத்துப் பயலுகளா' என்றும் சேர்த்தேன். அனுப்பிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன், அழிக்கவில்லை. ரிவர்ஸ் ஹார்ன் சிப்ட்யூனில் சேருமா சேராதா என்று அவர்களுக்குள் ஒரு சண்டை மட்டும் கிளம்பி மூன்று நாள் நடந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசட் என் பாட்டு இல்லாமலே வந்தது.

கூட்டாளி பேசிக் கொடுத்த அன்று சாயங்காலமே வீட்டில் அந்த வாய்ஸை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பாதியில் பேனா நின்றது.

"ஸ்கூல் வாசல்ல தெனமும் வண்டி பாடுதே, அது நீங்க போட்டதா?"

"ஆமா."

"எங்கிளாஸ் பிள்ளையள்ல ஒண்ணு பின்னால நடந்தாலே அதத்தான் பாடும். நான்கூட அதட்டியிருக்கேன்." பேனாவுக்கு மூடி போட்டாள். "ஊருக்குச் சொல்லல, சரி. எங்கிட்ட ஏன் சொல்லல?"

முதலில் கேட்ட பாட்டுக்கு நீ சொன்னதை நினைத்துத்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் அன்றைக்குக் கேட்டது ஒரு கேள்விதான், நான்தான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஓடி ஒளிந்துவிட்டேன். "தெரியல" என்றேன். அவள் எழுந்து போய்த் தோசைக்கல்லை வைத்தாள்.

அடுத்த வாரம், பட்டப்பகல், என் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ பின்னால் வந்து நின்றது. என் பாட்டு கடைக்குள் நிரம்பியது. இறங்கியவர் புளியங்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், சட்டையெல்லாம் எலுமிச்சை வாசம். பல்பு ஹோல்டர் கேட்டார். எடுத்து வைத்தேன். இதைவிடப் பெண் பார்க்கப் போனபோது தைரியமாக இருந்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டில பாடுதுல்லா, அந்தப் பாட்டு நான் போட்டது."

அவர் ஹோல்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீங்களா?" என்றார். "ரொம்ப நாளா அதப்பத்தி ஒருத்தர்ட்ட கேக்கணும்னு இருந்தேன். அது ஏறி ஏறிப் போகுது. இந்தா எறங்கப் போகுதுன்னு பாத்தா, பட்டுனு அந்தரத்துல விட்டுட்டுத் திரும்ப மொதல்லேர்ந்து வருது. லோடு இல்லாத நேரத்துல சும்மா ரிவர்ஸ் கியரப் போட்டுக்கிட்டு ஒக்காந்து கேட்டுருக்கேன், எப்பவாச்சும் எறங்குதான்னு. எறங்கல. அது அவ்வளவுதானா, இல்ல பாக்கி இருக்கா?"

பதினேழு பேர் குரூப்பில் ஆறு வருடம் இருந்தேன். என் பாட்டைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. இறங்குகிற பகுதி இருக்கிறது. ஹார்ன் சிப்பில் இடம் போதாமல் நான்தான் வெட்டி எறிந்தேன்.

"பாக்கி இருக்கு அண்ணாச்சி."

"அப்ப அதச் சொல்லுங்க."

சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் முழுப் பாட்டும் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, வெயிலில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "டிட் டிட்டிடூ, டிடி டூடூ" என்று வாயால் பாட ஆரம்பித்தேன். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பூ வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் நின்றாள். எவனோ ஒருவன், "ஏலே, கடைக்காரருக்குக் கோட்டி புடிச்சிட்டு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். புளியங்குடிக்காரர் மட்டும் சிரிக்காமல், தலையைச் சாய்த்து, பாட்டு எப்போது இறங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன்.